பத்து வாரத்தில் ஒரு செவ்வியல் நாடகம்: தன்னார்வக் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

பகலில் வேலை, மாலையில் ஒத்திகை என்று ஓடும் ஒரு குழுவிடம் எல்லாவற்றையும்விடக் குறைவாக இருப்பது நேரம். நடிக்க ஆள் கிடைத்துவிடும், உடை இரவல் கிடைத்துவிடும். ஒத்திகை மணிகளை யாரும் இரவல் தர மாட்டார்கள். எனவே எந்த நாடகம், யார் நாயகி என்று பேசுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒத்திகையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தேவை. வாரத்துக்கு 3 மாலை, மாலைக்கு இரண்டரை மணி என்றால் 8 வாரத்தில் 60 மணி. கடைசி 2 வாரம் வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 3 மணி என்றால் இன்னும் 30. மொத்தம் 90 மணி. அதாவது இந்தக் குழுவால் உருப்படியாகச் செய்ய முடிந்தது 90 முதல் 100 நிமிட நாடகம். இதே மணிகளை வைத்துக்கொண்டு 160 நிமிடப் பிரதியைத் தொட்டால், முதல் அங்கம் பளபளக்கும், கடைசி அங்கம் இரண்டே முறை ஒத்திகை கண்டு மேடையேறும். “பின்பாதி தொய்வு” என்று பார்த்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பழியை நாடகாசிரியர் சுமப்பார்.

எந்த நாடகம்?

மூன்று கேள்விகள் போதும். எத்தனை பேர், எத்தனை இடம், யாருடைய உரிமை?

முதல் முறை செய்பவர்களுக்கு ஒரே அறையில் நடக்கும் நாடகம் நல்லது. நார்வே நாடகாசிரியர் இப்சன் 1879-இல் எழுதிய ‘பொம்மை வீடு’ இதற்குச் சரியான உதாரணம்: ஒரே வரவேற்பறை, கதையைச் சுமக்கும் பெரியவர்கள் ஐந்து பேர், மற்றவை சிறு வேடங்கள். கிரேக்க நாடகங்கள் வேறு வகையில் வசதியானவை. சோஃபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’யில் கோரஸை, அதாவது ஒரே குரலில் பேசும் குழுவை, தவிர்த்து எட்டுப் பேசும் பாத்திரங்கள்; அந்தக் காலத்தில் முகமூடி மாற்றி மூன்றே நடிகர்கள் அதை நடித்தார்கள். ஐந்து பேர் கொண்ட குழுவும் பதினைந்து பேர் கொண்ட குழுவும் அதை எடுக்கலாம். எல்லாருக்கும் வேடம் கொடுத்தே ஆக வேண்டிய குழுவுக்குக் கோரஸ் ஒரு வரம். ஆனால் பத்துப் பேர் ஒரே குரலில் பேசுவதற்குத் தனி ஒத்திகை வேண்டும், வாரத்துக்கு ஒரு மணியாவது.

உரிமை விஷயத்தில் அடிக்கடி சறுக்குவது மொழிபெயர்ப்பில். காப்புரிமை பெரும்பாலான நாடுகளில் ஆசிரியர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். இப்சன் 1906-இல் இறந்தார். மூலம் யாருக்கும் பொது. நீங்கள் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, மொழிபெயர்ப்பாளர் உயிரோடு இருக்கக்கூடும். எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். வெட்டவும் சொற்களை மாற்றவும் அனுமதி உண்டா என்பதை அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பின்னணி இசைக்கும் இதே விதி. அனுமதி கைக்கு வரும்வரை தேதியை அறிவிக்க வேண்டாம்.

பிரதியை வெட்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ‘ஹாம்லெட்’டை வெட்டாமல் போட்டால் நான்கு மணி நேரத்தைத் தொடும், தொழில்முறைக் குழுக்களே வெட்டித்தான் போடுகின்றன. பழைய பிரதி புனிதமானது என்று கையைக் கட்டிக்கொண்டால் ஒத்திகைக் கணக்கு உதைக்கும்.

முதலில் நீளத்தை அளங்கள். பிரதியின் வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று பக்கங்களை எடுத்து, நடிக்கும் வேகத்தில் உரக்கப் படித்து, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். ஒரு பக்கத்துக்கான சராசரியை மொத்தப் பக்கத்தால் பெருக்குங்கள். வருகிற எண்ணோடு 15 முதல் 20 சதவீதம் கூட்டுங்கள்: நுழைவு, வெளியேற்றம், மௌனம், காட்சி மாற்றம் எல்லாம் அதில் அடங்கும். நகைச்சுவை நாடகம் என்றால் சிரிப்புக்கு இன்னும் 5 நிமிடம். இலக்கு 95 நிமிடம், கிடைத்த எண் 140 என்றால், பிரதியில் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும்.

வெட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பார்வையாளர் கண்ணால் பார்த்துவிட்ட ஒன்றை மறுபடி வாயால் சொல்லும் வசனங்கள். பிறகு அந்தக் கால அரசியல், புராண மேற்கோள்கள், இன்று அடிக்குறிப்பு இல்லாமல் புரியாத நகைச்சுவைகள். பிறகு ஒரே உணர்வை மூன்று உவமைகளில் சொல்லும் நீளமான பேச்சுகளில் இரண்டு உவமைகள். கடைசியாகத்தான் முழுப் பாத்திரம் அல்லது முழுக் காட்சி. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு வரி எடுப்பது, ஒரு காட்சியை மொத்தமாகத் தூக்குவதைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது. பார்ப்பவர்களுக்குத் தழும்பு தெரியாது.

ஆபத்து எங்கே என்றால், பின்னால் முளைக்கப்போகும் விதையை முன்னால் பிடுங்கிவிடுவதில். ‘பொம்மை வீடு’ மூன்றாம் அங்கத்தில் குடும்ப நண்பர் டாக்டர் ராங்கின் பெயரட்டைகள் கறுப்புச் சிலுவைக் குறியோடு வந்து சேரும். தன் சாவு நெருங்கிவிட்டது என்ற அதன் பொருளை அவர் இரண்டாம் அங்கத்தில் கதாநாயகி நோராவிடம் சொல்லிவைத்திருப்பார். அந்த இரண்டு வரியை வெட்டினால் அட்டைகள் வெறும் அட்டைகள். தொடக்கத்தில் நோரா மக்ரூன் தின்றுவிட்டு இல்லை என்று சாதிப்பதும் வெட்டத் தூண்டும் இடம்தான். ஆனால் அவள் கணவனிடம் பொய் சொல்லிப் பழகியவள் என்பதை நாடகம் காட்டும் முதல் இடம் அது. ‘ஹாம்லெட்’டில் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸை ஆரம்பத்தில் எடுத்துவிட்டுக் கடைசிக் காட்சியில் மறந்து விட்டுவைத்தால், பிணங்களுக்கு நடுவே யாரோ ஒரு அந்நியர் வந்து அரசாட்சி ஏற்பார்.

எனவே வெட்டியவுடன் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். கடைசிக் காட்சியில் பேசப்படும் ஒவ்வொரு பொருளும், பெயரும், கடிதமும் முன்பே அறிமுகமாகியிருக்கிறதா என்று பென்சிலால் குறியுங்கள். அடுத்து, வெட்டின் இரு பக்கமும் இருக்கும் வசனங்களைச் சேர்த்துப் படியுங்கள்: கேள்வி போய்ப் பதில் மட்டும் நிற்கிறதா? ஒருவரை வெளியே அனுப்பும் வசனம் போய், அவர் மேடையிலேயே மரம்போல நிற்கிறாரா? முதல் ஒத்திகைக்கு முன் ஒரே பிரதியை, ஒரே பக்க எண்ணோடு, எல்லாருக்கும் அச்சிட்டுக் கொடுங்கள். ஆளுக்கொரு பதிப்பு வைத்துக்கொண்டு “உன் புத்தகத்தில் எந்தப் பக்கம்?” என்று கேட்டே ஒரு வாரத்தை இழந்த குழுக்கள் உண்டு.

இடைவேளையையும் இப்போதே குறித்துவிடுங்கள். முதல் பாதி நீளமாகவும் இரண்டாம் பாதி குறுகலாகவும் இருக்கட்டும். 95 நிமிட நாடகத்தில் 55-க்கு 40 நன்றாக வேலை செய்யும்.

பாத்திரத் தேர்வு

எந்தெந்தக் காட்சியில் யார் மேடையில் இருக்கிறார்கள் என்று ஒரு கட்டம் போடுங்கள்: மேலே காட்சிகள், பக்கவாட்டில் பாத்திரங்கள். ஒருவருக்கு இரண்டு வேடம் கொடுக்க முடியுமா என்பதை அந்தக் கட்டமே சொல்லும். இரண்டு வேடங்களுக்கும் நடுவே உடை மாற்ற 3 நிமிடமாவது இருக்க வேண்டும். யார் எந்த நாளில் ஒத்திகைக்கு வரத் தேவையில்லை என்பதும் இதே கட்டத்திலிருந்துதான் கிடைக்கும்.

தேர்வின்போது நன்றாகப் படிக்கிறார்களா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள், ஒரு திருத்தம் சொல்லுங்கள், மறுபடி படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை மாறுகிறவரை எடுங்கள். முதல் முறை அசத்திவிட்டு, மறுமுறையும் அச்சு அசலாக அதையே செய்பவர், பத்தாவது வாரத்திலும் அதையேதான் செய்வார். விண்ணப்பத் தாளில் வர முடியாத தேதிகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடைசி இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது என்பதை அதிலேயே அச்சிட்டுவிடுங்கள். பெரிய வேடங்களுக்கு மாற்று நடிகர் கிடைக்காவிட்டால், சிறு வேடக்காரர் ஒருவரிடம் அந்த வேடத்தின் நடமாட்டத்தை மட்டுமாவது கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அவசரத்துக்குப் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு நடிக்கலாம், எங்கே நிற்பது என்று தெரியாமல் நடிக்க முடியாது.

ஒத்திகை வாரங்கள்

முதல் வாரம் உட்கார்ந்து படிக்கும் வாரம். பழைய மொழியில் புரியாத வரி எதுவுமே இருக்கக் கூடாது. ஒவ்வொரு வரியையும் நடிகர் தன் பேச்சு வழக்கில் ஒருமுறை சொல்லிக் காட்டட்டும். பொருள் புரியாமல் பேசுகிறவர் இசை போட்டுப் பேசுவார். செவ்வியல் நாடகங்களில் கேட்கும் அந்த ராகம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இரண்டு முதல் நான்காம் வாரம் வரை மேடை நடமாட்டம். நிஜ அரங்கின் அளவை எடுத்து, ஒத்திகை அறைத் தரையில் அதே அளவுக்கு வண்ண ஒட்டுநாடாவால் சுவர், கதவு, படிக்கட்டு எல்லாவற்றையும் வரையுங்கள். அறை சிறியதென்றால் அளவைச் சுருக்காதீர்கள். பாதி மேடையை மட்டும் முழு அளவில் வரையுங்கள். சுருக்கிய தரையில் மூன்றடி எடுத்து வைத்துப் பழகியவர், நிஜ மேடையில் வசனம் முடிந்தும் கதவைச் சேராமல் நடந்துகொண்டே இருப்பார். மேடை வலம், இடம் என்பது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலம், இடம். முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் நிறையக் குழப்பம் மிச்சம்.

ஐந்தாம் வார முடிவில் பிரதி கையில் இருக்கக் கூடாது. இந்தத் தேதியை ஒருவருக்காகத் தள்ளினால் எல்லாருக்கும் தள்ளிப்போகும். பிரதியைக் கீழே வைத்த முதல் இரண்டு ஒத்திகைகள் கொடுமையாக இருக்கும்: காட்சி நொண்டும், நடமாட்டம் மறக்கும், நெறியாளருக்கு எல்லாம் பாழாய்ப் போனதாகத் தோன்றும். இது வழக்கம்தான், மூன்றாவது முறை சரியாகும். அந்த நேரத்தில் நடிப்புத் திருத்தம் சொல்லாதீர்கள், தலையில் இடம் இருக்காது. வசனம் மறந்தால் நடிகர் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் “வரி” என்று மட்டும் சொல்லட்டும். பிரதியைப் பார்த்து வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர் முதல் மூன்று சொற்களை எடுத்துக் கொடுக்கட்டும். மன்னிப்பு, சிரிப்பு, தலையில் அடித்துக்கொள்வது எதுவும் வேண்டாம். அந்தப் பழக்கம் மேடைக்கும் வந்துவிடும்.

ஆறு, ஏழாம் வாரங்களில் காட்சிகளை ஆழப்படுத்துங்கள். முதல் அங்கத்திலிருந்தே ஒவ்வொரு நாளும் தொடங்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் கடைசிக் காட்சியில் தொடங்குங்கள். எட்டாம் வாரத்திலிருந்து நிறுத்தாத முழு ஓட்டம், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 95 நிமிட இலக்கு 108-க்கு வந்தால், வேகமாகப் பேசச் சொல்வது தவறான மருந்து. நேரம் ஒளிந்திருப்பது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியில். முந்தைய வசனத்தின் கடைசிச் சொல்லிலேயே மூச்செடுத்துத் தயாராகச் சொல்லுங்கள்; பேச்சின் வேகம் மாறாமலே பல நிமிடங்கள் குறையும்.

வாள் சண்டை, கன்னத்தில் அறைதல், விழுதல் போன்றவை தெரிந்தவர் வடிவமைத்து, மெதுவாக எண்ணிக்கைக்குப் பழகி, ஒவ்வொரு காட்சி நாளிலும் அரங்கம் திறப்பதற்கு முன் ஒருமுறை செய்து பார்க்கப்பட வேண்டும். விதிவிலக்கு கிடையாது. கூர் மழுக்கிய வாளும் கண்ணைக் குத்தும்.

மேடை நிர்வாகியின் புத்தகம்

முதல் ஒத்திகையிலேயே மேடை நிர்வாகி ஒருவர் வேண்டும், அவர் நடிக்கக் கூடாது. பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு வளையக் கோப்பில் போடுங்கள். எதிரே வரும் வெற்றுப் பக்கத்தில் நடமாட்டமும் குறிப்புகளும். எல்லாம் பென்சிலில், ஏனென்றால் எல்லாம் மாறும். விளக்கு மாற வேண்டிய இடங்களான ஒளிக்குறிப்புகள் எல் 1, எல் 2 என்றும், சத்தம் வர வேண்டிய இடங்களான ஒலிக்குறிப்புகள் எஸ் 1, எஸ் 2 என்றும் வரிசையாக எண் பெறும். நடுவில் புதிதாக ஒன்று வந்தால் எல் 12.5 என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மறு எண் போட்டால் விளக்குப் பலகையில் இருப்பவர் தொலைந்துபோவார். ஒவ்வொரு குறிப்புக்கும் அரைப் பக்கம் முன்னால் “தயார்”, சரியான சொல்லில் “போ”. “போ” என்ற சொல்லை வேறு எதற்கும், காதில் மாட்டிப் பேசும் தலைக்கருவியில் உச்சரிக்காதீர்கள். “ஹாலுக்குப் போனாரா?” என்று கேட்டதும் விளக்கு அணைந்தால் குற்றம் பலகையில் இருப்பவருடையது அல்ல.

செட், கதவு, கைப்பொருள்

ஃபிளாட் எனப்படும் சட்டத்தட்டிகள் பெரும்பாலும் 4 அடி அகலம், 8 அடி உயரம். ஒட்டுப்பலகைத் தாளின் அளவும் அதுவே என்பதால் வீணாவது குறைவு. ஒவ்வொரு தட்டிக்கும் பின்னால் ஒரு முட்டு, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் பிணைத்து, அடியில் எடை வைக்கவும். கதவுள்ள தட்டிக்கு இரு பக்கமும் முட்டு. இல்லையென்றால் கதவைச் சாத்தும்போது வீடே ஆடும். கதவு மேடைக்கு வெளிப்புறமாகத் திறக்கட்டும். பக்கச் சுவரில் உள்ள கதவென்றால் கீல் மேடையின் பின்பக்கம் இருக்கட்டும். திறந்த கதவே உள்ளே காத்திருப்பவர்களைப் பார்வையாளரிடமிருந்து மறைக்கும். செட் எழுந்ததும் முதல் வரிசையின் இரு ஓர இருக்கைகளிலும் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்திரைக்குப் பின்னால் யார் தெரிந்தாலும் திரையை நகர்த்துங்கள்.

‘பொம்மை வீடு’ எடுப்பவர்களுக்கு இரண்டு தலைவலிகள். ஒன்று, கடிதப்பெட்டி: கடிதம் விழுவதும் நோரா அதைப் பார்ப்பதும் இரண்டாம் அங்கத்தின் முதுகெலும்பு. பெட்டி எங்கே, பார்வையாளருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் செட் வரையும் நாளிலேயே தீர்மானியுங்கள். மற்றது கடைசிக் கதவுச் சத்தம். அது கீழ்த்தளத்து வாசற்கதவு, அறைக்கதவு அல்ல. முன்புற ஒலிபெருக்கியில் பதிவு செய்த சத்தத்தைப் போட்டால் கதவு பார்வையாளர் தலைக்கு மேல் சாத்துகிறது. கனமான பழைய கதவொன்றைச் சட்டத்தில் பொருத்தி, மேடைக்குப் பின்னால் தூரத்தில் வைத்து நிஜமாகவே அறையுங்கள். நோரா வெளியேறிய உடனே அல்ல. அவள் கணவன் ஹெல்மர் தன் கடைசி வரியைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து.

கைப்பொருள்களுக்கு மேடையின் இரு பக்கமும் ஒவ்வொரு மேசை. மேசையில் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் கோடு வரைந்து, பெயரும் காட்சி எண்ணும் எழுதுங்கள். காலியான கட்டம் கண்ணில் உடனே படும். மேடையில் வாசிக்கப்படும் கடிதத்தில் முழு வாசகத்தையும் எழுதியே வையுங்கள், நடிகர் மறந்தாலும் காப்பாற்றும். அந்தக் கடிதம் மேடையில் கிழிக்கப்படும் என்றால் மேடையேறும் நாள்களின் எண்ணிக்கையோடு ஒத்திகைக்கு மூன்று சேர்த்து அச்சிடுங்கள்.

உடை பற்றி ஒன்றே ஒன்று. நீளப் பாவாடை, வாள், கனத்த காலணி போன்றவற்றுக்கு மாற்று ஒன்றை நான்காம் வாரத்திலிருந்தே ஒத்திகையில் அணியச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறைந்த உடைமாற்றத்துக்குப் பொத்தான் வேண்டாம், ஒட்டுப்பட்டை தையுங்கள்.

ஒளி

ஒரு நடிகரின் முகம் தெரிய முன்புறத்திலிருந்து இரண்டு விளக்குகள், இடமும் வலமுமாக, ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் மேலிருந்து. ஒன்று சற்று மஞ்சள், மற்றது சற்று நீலம் என்றால் முகத்துக்கு வடிவம் வரும். மேடையை ஆறு பகுதிகளாகப் பிரித்தால் இதற்கே 12 விளக்குகள். பின்புற விளக்கு கிடைத்தால் தலையையும் தோளையும் பின்திரையிலிருந்து பிரித்துக் காட்டும். ஒளி குறைவாக இருப்பது மர்மம் என்று நெறியாளர்கள் நம்புவதுண்டு. பத்தாவது வரிசையில் இருப்பவருக்கோ வாய் தெரியாவிட்டால் வசனமும் கேட்காது.

1000 வாட் பழைய ரக விளக்கு 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் சுற்றில் மூன்றுக்கு மேல் மாட்டாதீர்கள். மின்னழுத்தம் பாதியாக உள்ள இடங்களில் ஆம்பியர் இரட்டிப்பாகும். மண்டபத்தின் மின்சாரப் பலகையைத் தகுதியுள்ள மின்பணியாளர் பார்த்த பிறகே எதையும் இணையுங்கள். தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் பிடியைத் தவிரத் தனியே ஒரு பாதுகாப்புச் சங்கிலி. நிஜ மெழுகுவத்தி வேண்டாம். பேட்டரிச் சுடர் இரண்டாம் வரிசைக்கு அப்பால் வித்தியாசம் தெரியாது.

தொழில்நுட்ப ஒத்திகை

அரங்கம் கைக்கு வருமுன் நெறியாளர், மேடை நிர்வாகி, ஒளி, ஒலி நால்வரும் மேசையில் உட்கார்ந்து எல்லாக் குறிப்புகளையும் தாளில் ஓட்டிப் பாருங்கள். இந்த இரண்டு மணி நேரம் மேடையில் ஐந்து மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பிறகு மேடையில் குறிப்பிலிருந்து குறிப்புக்குத் தாவிச் செல்லுங்கள்: குறிப்புக்கு நான்கு வரி முன்னால் தொடங்கி, முடிந்ததும் நிறுத்தி, அடுத்ததற்கு. 60 குறிப்புகள், ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 4 மணி நேரம், 6 ஒதுக்குங்கள். இன்று நடிப்புத் திருத்தம் யாரும் சொல்லக் கூடாது, நெறியாளர் உட்பட. ஓரங்களிலும் படிகளிலும் இருட்டில் ஒளிரும் நாடா ஒட்டி, முழு இருட்டில் ஒருமுறை எல்லாரையும் நடக்க விடுங்கள். நாற்காலி, மேசைக் கால்கள் நிற்கும் இடத்துக்குக் காட்சிக்கு ஒரு நிறத்தில் சிறு அடையாளம்.

அதற்கடுத்து உடை, ஒப்பனையோடு இரண்டு முழு ஓட்டங்கள். இரண்டாவதில் என்ன நடந்தாலும் நிறுத்தாதீர்கள். தட்டி விழுந்தாலும் சமாளிக்கப் பழக வேறு நாள் கிடையாது. ஆள் காயப்படும் நிலை மட்டுமே விலக்கு.

காட்சி நாள்

நடிகர்கள் 90 நிமிடம் முன்னால் வரட்டும். மேடை நிர்வாகி கைப்பொருள் மேசைகளைப் பட்டியலோடு சரிபார்த்து, அவசர வழிகள் திறக்கின்றனவா என்று கையால் தள்ளிப் பார்த்த பிறகே கதவு திறக்க அனுமதி. 30, 15, 5 நிமிட அறிவிப்புகளுக்கு நடிகர்கள் “நன்றி, முப்பது” என்று எண்ணைத் திருப்பிச் சொன்னால் கேட்டார்கள் என்று பொருள். இரண்டாம் நாள் காட்சி அநேகமாக முதல் நாளைவிட மந்தமாக இருக்கும், பதற்றம் வடிந்துவிடும். அன்று மாலை இரண்டு காட்சிகளின் வசனத்தை மட்டும் வட்டமாக உட்கார்ந்து வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கலைப்பு

கடைசிக் காட்சி முடிந்த இரவே செட் கலையும். எனவே யார் எதைக் கழற்றுவது என்ற பட்டியல் முன்தினமே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கைப்பொருளும் உடையும் முதலில் வெளியே, பிறகு விளக்குகள் குளிர்ந்ததும் இறக்கம், தட்டிகள் கடைசியில். ஏணி இருக்கும் இடத்தில் காலணி இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. இரவல் வாங்கியவற்றை அன்றே தனிப் பெட்டிகளில் உரியவர் பெயர் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து எந்த விளக்கு யாருடையது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. மேடை நிர்வாகியின் கோப்பையும் ஒவ்வொரு ஓட்டத்தின் நேரக் குறிப்பையும் குழுவின் அலமாரியில் சேருங்கள். அடுத்த நாடகத்தின் பக்கக் கணக்கைப் போடும்போது அந்த எண்கள் தேவைப்படும்.